தோற்றவர்களுக்கும் அசனத்தில் வேலை இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சபைத் தேர்தல் வந்தால் எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவக் கோயில்களில் ஜெபம் நீண்டுவிடுகிறது. சபையை நிர்வகிக்கிற சேகரக் கமிட்டிக்கு ஓர் அணி, அதற்கு எதிரணி, வீடு வீடாக ஓட்டு. முடிவு வந்த அடுத்த ஞாயிறு தோற்ற அணியின் பெஞ்சு காலி. இதைக் குறைசொல்ல எனக்குத் தகுதியில்லை. நானும் காலி பண்ணினவன்தான்.

பொருளாளர் பதவிக்கு நின்று 11 ஓட்டில் தோற்றேன். 30 வருஷம் ஞாயிறு பள்ளி நடத்தினவன், இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவிய பாடத்தைப் படம் வரைந்தே சொல்லிக்கொடுத்தவன். அப்புறம் இரண்டு வருஷம் இரண்டாவது மணி அடித்த பிறகே உள்ளே போனேன்; ஆசீர்வாதம் கூறுமுன் வெளியே வந்து செருப்பைத் தேடினேன். கமிட்டி கணக்கு வாசித்தால் வரிக்கு வரி தப்புத் தேடினேன். அதற்கு வைராக்கியம் என்று பெயர் வேறு!

அசனம் என்றால் சபையார் எல்லோரும் கூடிச் சாப்பிடுகிற கோயில் விருந்து. மூன்றாம் வருஷ அசனத்தன்று விடியற்காலை 3 மணிக்குக் கதவு தட்டுகிற சத்தம். என்னை ஜெயித்தவர், மழையில் நனைந்து நிற்கிறார். "அண்ணாச்சி, சோறு வடிக்க ஆள் காணல. கொஞ்சம் வாங்க" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. மறுக்க ஒரு காரணம் தேடினேன். அந்த நேரத்தில் ஒன்றும் அகப்படவில்லை.

அண்டாவின் காதுகளில் கம்பைக் கோத்து இரண்டு பேர் தூக்க வேண்டும். ஒருவர் அவசரப்பட்டு உயர்த்தினால் கொதிகஞ்சி மற்றவர் காலில் விழும். நான் வழக்கம்போல உயர்த்திவிட்டேன். "மெதுவா அண்ணாச்சி" என்று அவர் சொன்னது இரண்டு வருஷத்தில் நாங்கள் பேசிய இரண்டாம் பேச்சு. அன்றே சமாதானமாகிவிட்டோம் என்று சொல்லமாட்டேன். சோறு குழையவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் மாவட்டத்து வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா, 1912இல் தெலுங்கு நாட்டு டோர்னக்கலின் பேராயர், அதாவது பிஷப், ஆனார். இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர். 1919இல் தரங்கம்பாடியில் மற்ற சபைக் குருமாரோடு கூடிச் சபைகள் ஒன்றாக வேண்டும் என்று அறிக்கை விட்டவர்களில் அவரும் ஒருவர். லேசான காரியமா? பேராயரே வேண்டாம் என்றிருந்த சபைகள் பேராயர் முறையை ஏற்க வேண்டும். ஆங்கிலிக்கர்கள், மற்ற சபைக் குருமாருக்கு மறுபடி அபிஷேகம் பண்ணாமலே அவர்களைத் தங்களோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். பேசிப் பேசி 28 வருஷம் ஆனது. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உதயமானபோது முன்வரிசையில் அசரியாவுக்கு நாற்காலி இல்லை. 1945 புத்தாண்டு தினத்திலேயே அவர் காலமாகியிருந்தார். அந்தச் சபையின் ஒரு சிறு கமிட்டியில்தான் எனக்கு 11 ஓட்டு பெரிதாகப்பட்டது.

குருமார்களிடம் ஒரு விண்ணப்பம். தேர்தல் முடிவை வாசிக்கிறபோதே அசன வேலைப் பட்டியலையும் வாசித்துவிடுங்கள். தோற்றவர்கள் பெயரை அடுப்படியில் போடுங்கள். கோபித்துக்கொண்டு வராவிட்டால் விடியற்காலை போய்க் கதவைத் தட்ட ஓர் ஆளும் வேண்டும், அது ஜெயித்தவராக இருக்கட்டும்.

முழங்கால் வலியால் இப்போது என்னால் அண்டா தூக்க முடியாது. இந்த வருஷம் உள்ளி உரிக்கிற இடத்தில் போட்டிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
தூத்துக்குடி மாவட்டம்