மொழியின் விதியை வகுப்பது யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மொழி மக்களிடையே ஏற்பட்ட உடன்பாடு மட்டுமே, ஆகவே எழுத்திலும் சொல்லிலும் ஒருவரை இன்னொருவர் திருத்த இடமில்லை என்று வாதிடும் கட்டுரையைத் தங்கள் நாளிதழின் நடுப்பக்கத்தில் படித்தேன். உடன்பாடு என்பதை முழுமனத்தோடு ஏற்கிறேன். ஆனால், பலர் கூடி வகுத்துக்கொண்ட ஒன்றை அவரவர் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம் என்ற முடிவு அதிலிருந்து எப்படிப் பிறக்கும்?

நம் எழுத்தின் வரலாற்றையே பார்க்கலாம். எகர, ஒகரக் குறில்கள் புள்ளி பெறும் என்பது தொல்காப்பியம் கூறும் விதி. ஓலையில் எழுதியவர்கள் புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிட்டதால், குறில் எது, நெடில் எது என்பதைப் படிப்பவரே இடம் நோக்கி உணர வேண்டியிருந்தது. 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடிலைத் தனியே வேறுபடுத்திக் காட்டிய முறையே இன்று நம் கையில் உள்ளது. அடுத்த பெரிய மாற்றத்தை 1930-களில் தம் குடிஅரசு இதழில் தொடங்கி வைத்தவர் பெரியார். அக்காலத்தில் ‘கா’ என்று அச்சுக்கோக்க ககரத்தையும் துணைக்காலையும் அடுத்தடுத்து வைத்தால் போதும். ‘னா’, ‘லை’ போன்றவற்றுக்கோ எழுத்தும் குறியும் ஒன்றாய்ப் பிணைந்த தனி அச்சுகள் வேண்டும். குழந்தைக்கும் அதே சுமைதான்: ‘கை’ எழுதக் கற்ற முறையில் ‘லை’ எழுத முடியாது, அதன் தலையில் தும்பிக்கை போட வேண்டும்.

இவற்றையும் ‘கா’, ‘கை’ போலவே எழுதலாம் என்பதற்குப் பெரியார் சொன்ன காரணங்கள் வலுவானவை. ஆயினும், அடுத்த நாற்பது ஆண்டுகளில் ஒரு மாணவர் தேர்வுத்தாளில் அப்புதிய வடிவங்களை எழுதியிருந்தால் பிழையென்றே கொள்ளப்பட்டிருக்கும். 1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அரசு 13 எழுத்துகளின் மாற்றத்தை ஏற்று ஆணையிட்டு, பாடநூல்களும் அச்சகங்களும் நாளிதழ்களும் அதன்வழி நடந்த பிறகு, பிழையாயிருந்தது சரியாயிற்று. தும்பிக்கை ‘லை’ எழுதும் பிள்ளையை இன்று ஆசிரியர் திருத்துகிறார். அதே எழுத்து எண்பது வயதுப் பாட்டியின் கடிதத்தில் வந்தால் எவரும் சிவப்பு மை எடுப்பதில்லை. எதை, யாரிடம், எப்போது திருத்துவது என்பதற்கும் நம்மிடையே ஒரு நெறி இருக்கிறது. எந்த அரசாணையிலும் எழுதப்படாத நெறி அது. ஐகாரத்தையும் ஔகாரத்தையும் அய், அவ் என்றே எழுதிவிடலாம் என்ற பரிந்துரையை இன்றும் சில இதழ்கள் கடைப்பிடிக்கின்றன. பொதுவழக்கு அதை ஏற்கவில்லை.

சிந்தனைக்கும் இது பொருந்தும். ஆஸ்திரியாவில் பிறந்து கேம்பிரிட்ஜில் கற்பித்த மெய்யியலாளர் விட்கென்ஸ்டைன், விதியைப் பின்பற்றுவதாக நினைப்பது வேறு, பின்பற்றுவது வேறு என்று வலியுறுத்தினார். தன் நினைவு சரிதானா என்பதற்குத் தன் நினைவையே சான்றாக அழைப்பவர், செய்தி உண்மையா என்று அறிய அதே நாளிதழில் இன்னொரு படி வாங்கிப் பார்ப்பவருக்கு ஒப்பாவார் என்பது அவர் தந்த உவமை. கணக்கு போடும் சிறுவன் தான் தவறினான் என்று அறிவதும், வாதிடும் அறிஞர் தம் வாதத்தின் ஓட்டையைக் காண்பதும் பிறர் திருத்தும் பழக்கத்துக்குள் வளர்ந்ததனால்தான். திருத்துவோரே இல்லாத இடத்தில் ‘சரி’ என்பதற்கும் ‘எனக்குச் சரியென்று பட்டது’ என்பதற்கும் வேறுபாடு இராது. கட்டுரையாளர் விரும்பும் விடுதலை அந்த இடத்தில்தான் கொண்டுபோய் விடும்.

எனினும், திருத்தும் உரிமை சிலர் கையிலேயே தங்கிவிடும் என்ற அவருடைய கவலையை நான் மதிக்கிறேன். ‘எப்பொருள் எச்சொலின் எவ்வாறு உயர்ந்தோர் செப்பினர் அப்படிச் செப்புதல் மரபே’ என்கிறது நன்னூல். உயர்ந்தோர் யார் என்பதில் நெடுங்காலமாக நம் சமூகம் நேர்மையாக நடந்துகொள்ளவில்லை. தங்கள் நாளிதழின் குற்றச் செய்திகளிலேயே இதைக் காண்கிறோம். கைப்பேசி பறித்த கூலித் தொழிலாளி ‘கைது செய்யப்பட்டான்’. அதே பக்கத்தில், கையூட்டு வாங்கிய அதிகாரி ‘கைது செய்யப்பட்டார்’. இருவர் மீதும் உள்ளது குற்றச்சாட்டு மட்டுமே. இந்த விகுதி வேறுபாட்டை எந்த இலக்கண நூலும் கட்டாயமாக்கவில்லை. செய்தி எழுதும் மேசையில் கைமாறி வந்த பழக்கம் இது. பழக்கம் மனிதர் ஏற்படுத்தியது என்பதால்தான் அதற்குக் காரணம் கேட்கவும், காரணம் இல்லையெனில் மாற்றவும் நமக்கு உரிமை இருக்கிறது.

ஆகவே, குற்றம் சாட்டப்பட்டோர் அனைவருக்கும் ஆர் விகுதியையே வழங்குவது என்று தாங்கள் முடிவெடுக்க வேண்டுகிறேன். அம்முடிவையும், செய்தியாளர்களுக்குத் தாங்கள் வகுத்துள்ள பிற மொழிநெறிகளையும், அவற்றுக்கான காரணங்களோடு வாசகர் முன் வைத்தால், உடன்படுவோர் பின்பற்றவும் மறுப்போர் இதே பகுதியில் வாதிடவும் வழி பிறக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
தஞ்சாவூர்.