ஊத்தங்கரை யூரியாவும் கடலூர்க் கடலும்

ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையத்தின் விஞ்ஞானிகளுக்கு,

வணக்கம். கடலே இல்லாத கிருஷ்ணகிரி மாவட்டத்திலிருந்து எழுதுகிறேன். பள்ளியில் வேதியியல் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன். இப்போது இரண்டு ஏக்கரில் நெல்.

2024 நவம்பர் கடைசியில் மேலுரமாக இரண்டு மூட்டை யூரியா தூவினேன். மூட்டைக்கு 45 கிலோ, அதில் தழைச்சத்து 46 சதவீதம். ஆக 41 கிலோ சொச்சம். நாலு நாள்கூட ஆகவில்லை, ஃபெஞ்சல் புயல் மழை பிடித்துக்கொண்டது. டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர். தண்ணீர் வடிந்த பிறகு போய்ப் பார்த்தால் வரப்பைக் காணோம். மேல்மண் அரித்துப் போய், சாய்ந்த நாற்றின் வேர் வெள்ளையாகத் தெரிந்தது.

யூரியா எங்கே போயிருக்கும்? ஓடை, பாம்பாறு, தென்பெண்ணை, சாத்தனூர் அணை, அப்புறம் கடலூர். அன்றைக்குச் சாத்தனூரிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டார்கள். கடலூர் மக்கள் பட்ட பாட்டை டிவியில் பார்த்தோம். அந்த வெள்ளத்தோடு போன உரமும் சாக்கடையும் கடலை என்ன செய்தன என்று யாரும் பேசி நான் கேட்கவில்லை.

உங்களுக்கு இது பாலபாடம். எங்கள் ஊர்க்காரர்களும் படிப்பார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். உரம் கடலில் கலந்தால் பாசி கொழிக்கும். அது செத்துக் கீழே இறங்கும்போது பாக்டீரியா அதைத் தின்று, தண்ணீரில் இருக்கிற ஆக்சிஜனைச் செலவழித்துக் கரியமில வாயுவை விடும். ஆற்று நீர் உப்பு இல்லாததால் லேசு. மேலே மூடி போட்டதுபோல மிதக்கும். மேலே இருக்கும் காற்று கீழே போகாது. வங்கக் கடலில் ஏற்கெனவே அடியில் ஆக்சிஜன் குறைவு.

இது போக, நாம் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறக்குறைய கால் பங்கைக் கடல் உறிஞ்சிக்கொள்கிறது. அது நீரில் கரைந்து அமிலமாவதால், தொழிற்புரட்சிக்குப் பிறகு கடலின் மேல்மட்ட பிஎச் (அமில-காரத் தன்மையின் அளவு; குறைந்தால் அமிலம் கூடியிருக்கிறது என்று பொருள்) 8.2இலிருந்து 8.1 ஆகியிருக்கிறது. மண்வள அட்டையில் 0.1 வித்தியாசத்தை எங்களில் யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. ஆனால் பிஎச் மடக்கைக் கணக்கு, ஒரு எண் குறைந்தால் பத்து மடங்கு. அந்த 0.1க்கே அமிலத்தன்மை தரும் ஹைட்ரஜன் அயனி கால் பங்குக்கு மேல் கூடியிருக்கிறது. சிப்பிக்கும் பவளத்துக்கும் ஓடு கட்டுவது அந்த அளவுக்குச் சிரமம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கடலைக் கட்டம் கட்டமாகப் பிரித்து வெப்பம், உப்பு, ஆக்சிஜன், நைட்ரேட் (யூரியாவின் தழைச்சத்து மண்ணிலும் நீரிலும் மாறி நிற்கும் வடிவம்), பாசி எல்லாவற்றையும் நாளுக்கு நாள் நகர்த்திப் பார்ப்பதுதான் கணினி மாதிரி. பல உலக மாதிரிகளில் ஆறு கொண்டுவரும் சத்து பல ஆண்டுச் சராசரியாகத்தான் உள்ளே போகிறது. கங்கைக்கு அது ஓரளவு ஒத்துவரலாம். தென்பெண்ணை அப்படிப்பட்ட ஆறு அல்ல. மாசக்கணக்கில் மணலாகக் கிடந்துவிட்டு இரண்டே நாளில் வருஷத்துச் சரக்கை இறக்கிவிட்டுப் போகும். சராசரி போட்டால் அந்த இரண்டு நாள் காணாமல் போய்விடும். சரி, செயற்கைக்கோள் பார்த்துக்கொள்ளும் என்றால், புயல் வாரத்தில் வானம் மேகம். பாசியின் பச்சை படத்தில் விழாது. மாதிரிதான் கை கொடுக்க வேண்டிய நேரத்தில் அதற்கு ஆற்றைப் பற்றித் தெரிந்திருக்காது.

அணையில் எத்தனை கன அடி என்பது தினமும் பேப்பரில் வருகிறது. அதில் எவ்வளவு நைட்ரேட் என்பது வருவதில்லை. ஓசூர் பக்கம் தென்பெண்ணையில் இருக்கும் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கினால் மட்டும் கேமரா வரும்!

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. கே.ஆர்.பி. அணை (கிருஷ்ணகிரி அணை), பாம்பாறு அணை, சாத்தனூர், கடலூர் முகத்துவாரம், இந்த நாலு இடத்தில் சாதாரண நாளில் மாதம் ஒரு பாட்டில், வெள்ளம் வந்தால் மூன்று மணிக்கு ஒரு பாட்டில் தண்ணீர் எடுக்க ஏற்பாடு செய்யுங்கள். முதல் செந்தண்ணீரைத் தவறவிடக் கூடாது. அந்தக் கணக்கை உங்கள் மாதிரியில் தினப்படி கொடுத்து, கொடுக்காமல் ஓட்டியதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மீன் கிடைக்கும் இடத்தைச் சொல்கிற உங்கள் அறிவிப்போடு, ஆக்சிஜன் குறையும் இடத்தையும் கடலூர் மீனவர்களுக்குச் சொல்ல முடியுமா என்று அப்போது தெரியும்.

தண்ணீர் எடுக்க இங்கே கல்லூரிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். எடுத்த உடனே வடிகட்டி ஐஸில் வைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும், அவர்களுக்கும் சொல்லிக் கொடுத்துவிடுவேன். ஐஸ் பெட்டிக்கு மீன்காரரிடம் பேசியாயிற்று. வடிகட்டும் தாளும் பாட்டிலும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் வந்து சேர்ந்தால் போதும்.

இப்படிக்கு,
ஊத்தங்கரை வட்டத்து விவசாயி