மச்சான், கோல்ஃப் ட்ரைவர் வாங்க முதல் இதை ஒருக்கா வாசி

மச்சான்,

உன்ர மெசேச் ராத்திரி வந்தது, காலமை தான் ஆறுதலா இருந்து வாசிச்சனான், வைபர்ல ரெண்டு வரியில பதில் போடுற விசயம் இல்லை எண்டபடியா கடிதமாவே எழுதுறன். முதல் ஊர்ப் புதினம். அம்மான்ர முழங்கால் நோ குறைஞ்சிட்டுது, விடியவெள்ளன கோயிலுக்கு நடந்தே போட்டு வாறா. வெய்யில் எண்டா சொல்லி வேலை இல்லை, பங்குனி முடியேல்ல, அதுக்குள்ள கிணத்தில தண்ணி இறங்கத் தொடங்கிட்டுது. போன கிழமை யாழ்ப்பாணம் சென்றல் கல்லூரிக்கும் சென். ஜோன்ஸுக்கும் கிரிக்கெட் மட்ச், 1904-ல தொடங்கின சமர் இண்டைக்கும் அதே சத்தத்தோட தான் நடக்குது, எங்கட பட்ச்சில ஊரில இருக்கிற ஆக்கள் எல்லாம் ஒரு மூலையில கூடி நிண்டம், உன்னை விசாரிக்காத ஆள் இல்லை. நீ கோல்ஃப் அடிக்கத் தொடங்கிட்டாய் எண்டு சொல்ல முதல் ஒருத்தரும் நம்பேல்ல. எனக்கு எண்டா பெரிய சந்தோசமடா, ரொறன்ரோவில நான் அந்த கோல்ஃப் கடை வேர்க்‌ஷொப்பில ஷாஃப்ட், மட்டையின்ர நீட்டுத் தண்டு, மாத்திக்கொண்டு நிண்ட காலத்தில எத்தினை தரம் உன்னைக் கூப்பிட்டிருப்பன், அப்ப ரெண்டு வேலை எண்டு ஓடித் திரிஞ்சனீ, இப்பவாவது நேரம் வந்ததே.

சரி, விசயத்துக்கு வாறன். நீ எழுதினதில எனக்கு விளங்கினது, 7 அயன் மட்டையால 140 யார் தூரம் போகுது, ஆகத் தூரத்துக்கு அடிக்கிற ட்ரைவர் வடிவாப் பட்டா 200, படாட்டி வலப்பக்கமா வளைஞ்சு பக்கத்து ஃபெயார்வேக்கு, அடுத்த குழியின்ர புல்தரைக்குப் போகுது. கையில கிடக்கிறது மருமகன் தந்த 9 டிகிரி ட்ரைவர், எக்ஸ்ட்ரா ஸ்டிஃப், எண்டா ஆக இறுக்கமான ஷாஃப்ட். இப்ப 800 டொலருக்கு மேல குடுத்துப் புதுசு வாங்கப் போறன், எந்த மேக் நல்லது எண்டு கேக்கிறாய். மேக் கேள்வியைக் கடைசிக்கு வை மச்சான். பிங், டைட்டலிஸ்ட், டெய்லர்மேட், கெலவே எதை எடுத்தாலும் கூடாத ட்ரைவர் எண்டு இப்ப ஒண்டும் இல்லை. ஹெட்டின்ர, மட்டையின்ர தலைப்பகுதியின்ர, பருமன் 460 சீசீக்கு மேல போகேலாது, பந்தில படுற முகம் எவ்வளவு துள்ளலாம் எண்டதுக்கும் கோல்ஃப் விதி போடுற யூஎஸ்ஜிஏயும் ஆர் அண்ட் ஏயும் எல்லை போட்டு வச்சிருக்கினம், எல்லாக் கொம்பனியும் அந்த எல்லையில போய் முட்டிக் கனகாலம். அதால நடுவில பட்ட அடிக்கு இந்த வருசத்து மொடலுக்கும் மூண்டு வருசம் முந்தினதுக்கும் பெரிசா வித்தியாசம் வராது, நடுவில படாத அடியை எவ்வளவு காப்பாத்துது எண்டதில தான் கொஞ்சம் கொஞ்சமா முன்னேறியிருக்கு. ஹெட்டில காசை மிச்சம் பிடிச்சு ஷாஃப்டுக்கும் ஃபிட்டிங்குக்கும், எண்டா கடையில அடிச்சு அளந்து பொருத்திப் பாக்கிறதுக்கும், போடு எண்டு தான் நான் சொல்லுவன்.

கடைக்குப் போக முதல் ஒரு வேலை செய். பார்மசியில காலுக்கு அடிக்கிற பவுடர் ஸ்பிரே ஒண்டு வாங்கி, ட்ரைவரின்ர முகத்தில மெல்லிசா வெள்ளை படுற மாதிரி அடிச்சுப்போட்டு அடிச்சுப் பழகிற ரேஞ்சில கொஞ்சப் பந்து அடி. ஒவ்வொரு அடிக்கும் அந்த வெள்ளையில பந்தின்ர குழிக்குழி அடையாளத்தோட ஒரு வட்டம் விழும், கொஞ்சம் அடிச்சுப் படம் எடுத்துப்போட்டு துணியால துடைச்சுத் திருப்பி அடி. உனக்கு அந்த வட்டங்கள் ஹீல் பக்கம், ஷாஃப்ட் ஹெட்டுக்குள்ள இறங்கிற பக்கம் தான் கூட நிக்கும் எண்டு நினைக்கிறன், வலப்பக்கம் வளையிறதுக்கு முகம் திறந்து வாறது ஒரு காரணம், ஹீலில படுறது மற்றக் காரணம், ஏனெண்டா ஹீலில பட்டவுடன ஹெட் ஒரு பக்கம் திரும்ப பந்து அதுக்கு எதிர்ப்பக்கம் சுழலும், வலக்கைக்காரனை அந்தச் சுழல் வலப்பக்கம் கொண்டுபோகும். டோ பக்கம், மற்ற நுனியில, பட்டா அப்பிடியே மறுவளம். இதைப் பாக்காமல் ஷாஃப்ட் மாத்தினா எது எதைத் திருத்தினது எண்டே தெரியாமல் போய்டும்.

ஹீலில படுறதுக்கு நீளமும் ஒரு காரணம். கடையில தொங்கிற ட்ரைவர் கூடுதலா 45½ இஞ்சி, சிலது 45¾. சட்டப்படி 48 இஞ்சி வரை போகலாம், 2022-ல இருந்து பெரிய போட்டியளில 46 எண்டு கட்டுப்படுத்தவும் விட்டிருக்கினம், ஆனா தொழிலா அடிக்கிற பிஜிஏ ஆக்களிலயே கனபேர் 45-க்குக் கிட்டத் தான் பாவிக்கினம். நாள் முழுக்க அடிக்கிற அவைக்கே அது காணும் எண்டா சனி ஞாயிறு மட்டும் அடிக்கிற உனக்கு ஏன் நீளம்? முதல் ஒரு இஞ்சி கீழ பிடிச்சு அடிச்சுப் பார், வெள்ளையில வட்டம் நடுவுக்கு வந்தா வாங்கேக்கை 45 இல்லாட்டி 44½-க்குச் செய்து தரச் சொல்லு. சும்மா வெட்டினாக் காணாது. அரை இஞ்சி வெட்ட ஸ்விங் வெயிட், வீசேக்கை ஹெட்டின்ர பாரம் கைக்கு எவ்வளவு தெரியுது எண்ட அளவு, மூண்டு புள்ளி இறங்கும், டி3-ல இருந்தது டி0-க்கு வந்திடும், பிறகு ஹெட் எங்க வருதெண்டே கைக்குத் தெரியாது. ஹெட்டில 2 கிராம் கூட்டினா ஒரு புள்ளி ஏறும், அப்ப அரை இஞ்சிக்கு 6 கிராம் அளவில கூடக் கனமான ஸ்க்ரூ ஹெட்டில மாத்தவேணும். ஷாஃப்டை மட்டும் வெட்டிக் கையில தாற கடையளும் இருக்கு, வாயைத் திறந்து கேட்டு வாங்கு. வெட்டுறதும் கை பிடிக்கிற கிரிப் பக்கத்தில, ஹெட் பக்கம் வெட்டினா ஷாஃப்ட் இன்னும் இறுகிடும்.

லொஃப்ட், முகம் மேல நோக்கிச் சரிஞ்சிருக்கிற கோணம், எண்டா நான் ஒரே பிடிவாதம். 9 டிகிரி உனக்கு வேண்டவே வேண்டாம். நீ சொன்ன தூரத்தை வச்சுப் பாத்தா உன்ர ஸ்விங், எண்டா மட்டை வீசுற வேகம், மணிக்கு 85 மைலுக்கும் 90-க்கும் இடையில இருக்கும், பிஜிஏ ஆக்களின்ர சராசரி 115-க்குக் கிட்ட. ரீவியில அவையைப் பாத்து அவை பிடிக்கிறதைப் பிடிக்காத, பொம்பிளையளின்ர போட்டியில அடிக்கிற எல்பிஜிஏ பிள்ளையளைப் பார். அவையின்ர சராசரி 95 மைல் அளவில தான், ஆனா பந்தைக் கீழ இருந்து மேல நோக்கி அடிச்சு உயரத் தூக்கி 220 யார் பறக்க விடுகினம். அந்த வேகத்தில தூரம் உயரத்தில தான் கிடக்கு. 10½-ல தொடங்கு, 12-ஐயும் வெக்கப்படாமல் அடிச்சுப் பார். லொஃப்ட் கூட பந்து வளையிறதும் குறையும், பின்சுழல் கூடினா முகம் அதே அளவு திறந்திருந்தாலும் சுழலின்ர அச்சு அவ்வளவு சரியாது. இப்பத்தைய ட்ரைவருகளில கழுத்துக்கிட்ட ஒரு ஸ்லீவ் இருக்கும், அதுக்கெண்டு இருக்கிற ரெஞ்சால திருப்பி லொஃப்டைக் கூட்டிக் குறைக்கலாம், கூட்டினா முகம் கொஞ்சம் மூடும், குறைச்சாத் திறக்கும். உனக்கு மூடுறது நல்லது. அதோட ஹெட் வாங்கேக்கை மாக்ஸ் எண்டு போட்டதை எடு, பாரம் பின்னுக்கு இருக்கிறது, பிழையாப் பட்டாலும் ஹெட் அவ்வளவு திரும்பாது. எல்எஸ், எல்எஸ்டி எண்டு போட்டது வேகமா அடிச்சு சுழல் கூடிப்போற ஆக்களுக்கு.

இனி ஷாஃப்ட், எனக்கு விருப்பமான கதை. இறுக்கத்தைக் காட்டப் போடுற ஆர் (ரெகுலர்), எஸ் (ஸ்டிஃப்), எக்ஸ் (எக்ஸ்ட்ரா ஸ்டிஃப்) எண்ட எழுத்துக்கு உலகத்தில ஒரு பொது அளவு கிடையாது. வேர்க்‌ஷொப்பில ஃப்ரீக்குவென்சி மெசின் எண்டு ஒண்டு இருக்கும், ஷாஃப்டின்ர கிரிப் பக்கத்தை அதில இறுக்கிப்போட்டு நுனியை இழுத்து விட்டா கிண்கிண்ணெண்டு ஆடும், நிமிசத்துக்கு எத்தினை ஆட்டம் எண்டு இலக்கம் காட்டும். ஒரு கொம்பனியின்ர ஆர் இன்னொரு கொம்பனியின்ர எஸ்ஸை விட இறுக்கமா நிண்டதை என்ர கண்ணால கனக்கப் பாத்திருக்கிறன். அதால எழுத்தைப் பாத்து வாங்காத. முதல் பாக்கவேண்டியது பாரம். ட்ரைவர் ஷாஃப்ட் 40 கிராமில இருந்து 80 வரை வருது, வயசு போகுது எண்டா கடைக்காரர் உடன 40-ஐத் தூக்கித் தருவினம், வேகம் ரெண்டு மைல் ஏறினதைக் கொம்பியூட்டர்ல காட்டுவினம். உனக்கு அது சரிவரும் எண்டு நான் நினைக்கேல்ல. நீ கிரிக்கெட்டில 2 இறாத்தல் 12 அவுன்ஸ் பட்டோட விளையாடின ஆள், பாரம் குறைஞ்ச பட்டை உனக்குத் தந்தா பந்து வர முதல் சுத்திப்போட்டு நிக்கிறனீ. மேல இருந்து இறங்கேக்கை அவசரப்படுற கை அது, முப்பது வருசத்தில மாறியிருக்காது. அப்பிடியான கைக்கு ஷாஃப்டில கொஞ்சம் பாரம் தெரியவேணும், அப்ப தான் ஆறுதலா இறங்கும். 55-க்கும் 65-க்கும் இடையில ஆர் ஒண்டும் எஸ் ஒண்டும் எடுத்து மாறி மாறி அடி, எது வட்டத்தை நடுவில கொண்டு வருதோ அது உன்ர ஷாஃப்ட். வேகம் ஒரே அளவில இருக்கிற ரெண்டு பேரில ஆறுதலா இறக்கிறவருக்கு ஆர் வடிவா வேலை செய்யும், வெட்டி இறக்கிறவருக்கு அதே ஆர் எங்க போகுதெண்டு தெரியாது. வேகத்தை மட்டும் பாத்து ஷாஃப்ட் தாற அட்டவணையளை நான் நம்பாததுக்குக் காரணமும் அது தான்.

எங்கட ஊர் ஐயா ஒருத்தர் கடைக்கு வாறவர், எழுபது தாண்டினவர், மகன்ர பழைய எக்ஸ் ஷாஃப்டோட கனநாள் மாரடிச்சவர். 57 கிராம் ஆர் ஒண்டு போட்டு 44½-க்குக் கட்டிக் குடுத்தன், வேகம் அசையேல்ல, அதே இலக்கம் தான். ஆனா பந்து நடுவில பட்டது, சத்தமே வேற. மனுசன் பந்து போன பக்கத்தைப் பாக்கேல்ல, திரும்பி என்ர முகத்தைப் பாத்தார். அந்த வேலையை விட்டுட்டு வந்ததில எனக்கு இண்டைக்கும் மனசில நிக்கிறது அப்பிடியான முகங்கள் தான்.

ஃபிட்டிங்குக்குப் போகேக்கை பலத்தைக் காட்ட நிக்காத, கடையில எல்லாரும் மூச்சைப் பிடிச்சு அடிச்சு 5 மைல் கூட்டிக் காட்டுவினம், பிறகு அந்த வேகத்துக்கு ஷாஃப்டை வாங்கிக்கொண்டு வந்து பதினாலாவது குழியில களைச்சு நிண்டு அடிக்கேலாமல் முழிப்பினம். நீ ஒரு ரவுண்டின்ர கடைசியில அடிக்கிற மாதிரி அடி. உன்ர வேகத்துக்கு பந்து 13, 14 டிகிரியில கிளம்பி, சுழல் நிமிசத்துக்கு 2,500-ல இருந்து 2,900 மட்டில நிண்டா நல்லம். ஸ்மாஷ் ஃபக்டர் எண்டு ஒண்டு கொம்பியூட்டர் காட்டும், பந்தின்ர வேகத்தை ஹெட்டின்ர வேகத்தால பிரிச்சது, ட்ரைவருக்கு 1.50 தான் உச்சம், உனக்கு 1.43, 1.45 அடிக்கடி வருதெண்டா அந்த ஷாஃப்ட் உனக்கு ஒத்துப்போகுது. ஆகக் கூடப் போன ஒரு பந்தைப் பாத்து மயங்காமல் எல்லாப் பந்தும் எவ்வளவு அகலத்தில விழுந்திருக்கெண்டு பார். வெளியில அடிச்சுப் பாத்தியெண்டா ரெண்டு ட்ரைவரையும் ஒரே நாளில மாறி மாறி அடி, சித்திரையில அங்க குளிர் காத்து, பந்து இழுபடும், ஆடியில அதே அடி தூரப் போகும். இஞ்ச எனக்கு இது வடிவா விளங்கினது, கொழும்புக்குப் போனா பொரளையில றோயல் கொழும்பில அடிக்கிறனான், 1879-ல தொடங்கின கிளப், களனிவெலி ரெயில் கோர்சுக்குள்ளால போகும், அதே ட்ரைவரோட நுவரெலியா ஏறினா கிட்டத்தட்ட 1,900 மீற்றர் உயரம், காத்து மெல்லிசு, பந்து நிக்காமல் போகுது. ட்ரைவர் திருந்தேல்ல, இடம் தான் மாறினது. நீ வந்தா நுவரெலியாவுக்குத் தான் முதல் கூட்டிக்கொண்டு போவன்.

மருமகன் தந்த ட்ரைவரை அவசரப்பட்டுத் திருப்பிக் குடுக்காத. அதில ஸ்லீவ் இருக்கெண்டா முதல் லொஃப்டைக் கூட்டி வச்சு, பழைய சாமான் கடையில ஒரு 60 கிராம் ஆர் ஷாஃப்ட் எடுத்துப் போட்டு ஒரு மாசம் அடிச்சுப் பார், 800 டொலர் எங்கயும் ஓடாது. ஒவ்வொரு கொம்பனிக்கும் ஸ்லீவ் வேற வேற, டைட்டலிஸ்ட் ஸ்லீவ் போட்ட ஷாஃப்ட் பிங் ஹெட்டுக்குள்ள இறங்காது, அதால உன்ர ஹெட்டின்ர பேரையும் மொடலையும் வெள்ளை அடிச்ச முகத்தின்ர படத்தையும் எனக்கு அனுப்பு, எந்த ஸ்லீவ் தேடவேணும் எண்டு நான் பாத்துச் சொல்லுறன்.

மச்சாளைக் கேட்டதாச் சொல்லு, பிள்ளையளுக்கும் எங்கட அன்பு.

உன்ர பழைய ஓப்பனிங் பாட்னர்,
கொக்குவில்