டிசம்பர் 15க்குள் இன்னும் 18,600 சோல் (பெரு நாட்டுப் பணம்) வேண்டும்

மோச்சே கிராமத்துச் சொந்தங்களுக்கு, லிமாவுக்கும் அதற்கு அப்பாலும் பிழைக்கப் போனவர்களுக்கும் சேர்த்துத்தான், கமிட்டியின் வணக்கம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறோம். ஜனவரி பிறந்தால் மழை எப்போது வேண்டுமானாலும் வரலாம். நம் ஊர்ப் பழைய மண்கல் பிரமிடு கோயிலான வாக்கா டெல் சோலின் அரித்துப்போன முகத்துக்குத் தார்பாய் போடவும் அடிவாரத்தில் வடிகால் வெட்டவும் 48,000 சோல் ஆகும். தொல்லியல் அலுவலர்கள் இடத்தைக் குறித்துக் கொடுத்துவிட்டார்கள், வேலைக்கு ஆள் ரெடி. கையில் இருப்பது 29,400. மீதியில் தார்பாய்க்கு 9,200, இயந்திர வாடகை 4,400, மணல் மூட்டைக்கும் கூலிக்கும் 5,000.

1982-83, 1998, 2017, அப்புறம் 2023 மார்ச் யாக்கு புயல். எல் நினோ மழை என்ன செய்யும் என்று இந்த ஊர்க்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சுடாத மண்கல் தண்ணீரைத் தாங்காது, ஒரு ராத்திரி மழையில் சரிவெல்லாம் ஆளிறங்கும் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்துவிடும்.

இந்தக் கோயிலில் அப்படி 13 கோடிக்கும் மேல் மண்கற்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இரும்புக் கருவி இல்லை, வண்டி இல்லை, ஆயிரத்து சொச்சம் வருடங்களுக்கு முன்னால் நம் முன்னோர் மண் பிசைந்து, காயவைத்து, சுமந்து ஏற்றி அடுக்கியது. பக்கத்தில் போய்ப் பாருங்கள், கல்லின் மேல் ஒன்றில் வட்டம், ஒன்றில் கோடு, ஒன்றில் கை பதிந்த தடம். எந்தக் கூட்டம் எத்தனை கல் கொடுத்தது என்று கணக்கு வைக்கத்தான் இந்த அடையாளம் என்கிறார்கள். அன்றைக்கு நூற்றுக்கும் மேற்பட்ட அடையாளங்கள், அத்தனை கூட்டமும் தன் பங்கைத் தட்டாமல் கொடுத்திருக்கிறது. இன்றைக்கு நம் பங்கு?

1602 வாக்கில் ஸ்பானியர்கள் தங்கத்துக்காக மோச்சே ஆற்றையே திருப்பிவிட்டுக் கோயிலைக் கரைத்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு அப்படியே போனது. அது அந்நியன் செய்த பாவம், மிச்சமிருப்பது கரைந்தால் பழி நம் தலையில். சுற்றிப்பார்க்க வருகிறவர்கள் பக்கத்துக் கோயிலான வாக்கா டி லா லூனாவில் சுவரோவியத்தைப் பார்த்துவிட்டு, வாக்கா டெல் சோலைத் தூரத்திலிருந்தே படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள், அவர்களை நம்பிப் பயனில்லை.

கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லாமல் கேட்பது முறையல்ல. திங்கள்கிழமைதோறும் ஷாம்பர் சூப் காய்ச்சி விற்று, விறகுக் காசைக்கூடக் கழிக்காமல் அப்படியே கொண்டுவந்து கொட்டிய சந்தைப் பெண்கள், ஒரு நாள் வசூலைக் கொடுத்த மோட்டோடாக்சி தம்பிகள், வாசலில் மண்பாண்டம் விற்பவர்கள், உண்டியலை உடைத்த பள்ளிப் பிள்ளைகள், 2017இலும் கொடுத்து இப்போதும் கேட்காமலே அனுப்பிய பெரியவர்கள் எல்லாருக்கும் கடவுள் நீண்ட ஆயுளைத் தரட்டும்.

மே மாதம் சான் இசித்ரோ திருவிழா பேண்டு வாத்தியத்துக்கு வாரி வழங்குகிற சிலர் இந்த நன்கொடை நோட்டில் இன்னும் கையெழுத்தே போடவில்லை. பெயர் சொல்ல மாட்டோம், அவர்களுக்கே தெரியும். புனிதரைக் கும்பிடுங்கள், கூடவே தார்பாய்க்கும் கொடுங்கள்.

ஞாயிறு பூசை முடிந்ததும் பொருளாளர் தேவாலய வாசலில் இருப்பார், வெளியூர்க்காரர்கள் வீட்டார் மூலம் கொடுத்தனுப்பலாம். 5 சோலும் பணம்தான். ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று டிசம்பர் 16 அன்று பலகையில் எழுதி வைப்போம்.