பள்ளி அரங்கில் நாடகப் பருவம்

எல்லோருக்கும் வணக்கம். பள்ளி அரங்கில் நாடகங்கள் தொடங்கப்போகின்றன. முதலில் சின்னப் பிள்ளைகளின் குறுநாடகங்கள், அப்புறம் நடனம். பெரிய வகுப்பு மாணவர்களின் முழுநீள நாடகம் கடைசியில், உலக நாடக தினமான மார்ச் 27 அன்று.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: ஒளி, ஒலி ஒத்திகைக்குப் பிள்ளைகள் நேரத்துக்கு வந்துவிட வேண்டும். அன்றைக்கு நடிப்பைவிட, விளக்கு எப்போது அணையும், யார் எந்தப் பக்கத்திலிருந்து நுழைவது என்பதற்குத்தான் நேரம் போகும். ஒருவர் வராவிட்டாலும் எல்லோரும் காத்து நிற்க வேண்டியதுதான்.

மேடை இருட்டும்போது ஒரு செல்பேசி ஒளிர்ந்தாலும் காட்சி கெட்டுவிடும். வீடியோ எடுக்கும் ஆசை எனக்கும் உண்டு. இறுதி ஒத்திகையில் எடுத்துக்கொள்ளலாம், சரிதானே?

திரைக்குப் பின்னால் உடை மாற்றிவிட நான்கு பேர் தேவை. முடிந்தவர்கள் இங்கேயே பெயர் போடுங்கள்.