போர் விமானக் கண்காட்சியின் பொறுப்பாளர்களுக்கு: தமிழிலும் எழுதுங்கள்

மதிப்புக்குரிய பொறுப்பாளர்களுக்கு,

எங்கள் பாடசாலைப் பிள்ளைகளைக் கல்விச் சுற்றுலாவாக உங்கள் கண்காட்சிக்கு அழைத்துவந்தபோது அங்கே தமிழ் விளக்கப் பலகைகள் இல்லை என்று ஏற்கெனவே கடிதம் எழுதியிருந்தேன். பார்வையாளர் புத்தகத்திலும் எழுதிவிட்டு வந்தோம். பதில் இல்லை. இம்முறை எல்லோரும் படிக்கும்படி கேட்கிறேன்: நீங்கள் வைத்திருக்கும் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒவ்வொரு கப்பல் படத்துக்கும் தமிழில் விளக்கம் வேண்டும்.

நான் மலைநாட்டில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலையொன்றில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். எங்கள் பிள்ளைகள் உங்கள் வாசலுக்கு வந்து சேர்வது சுலபமல்ல. பஸ் கட்டணம் அவர்களுடைய அம்மாமார் சீட்டுக் கட்டிச் சேர்த்த காசு. கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான், விழும் என்ற நிலையில் மிச்சம் பிடித்த காசு. விடியுமுன் லயத்திலிருந்து இறங்கி வந்த அந்தப் பிள்ளைகள், மிக்-17 ஜெட் போர் விமானத்தின் முன்னால் நின்று, அதன் பெயரைக்கூட வாசிக்க முடியாமல் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"சேர், மூக்கில் ஏன் இவ்வளவு பெரிய துவாரம்? இறக்கை ஏன் பின்னால் சாய்ந்திருக்கிறது?" என்று தரம் ஒன்பது மாணவி ஒருத்தி கேட்டாள். எவ்வளவு நல்ல கேள்விகள்! அந்தத் துவாரத்தால் உள்ளே போகும் காற்று அழுத்தப்பட்டு, எரிபொருளோடு எரிந்து, பின்னால் சீறி வெளியேறும்போது விமானம் முன்னே தள்ளப்படுகிறது என்றேன். ஒலியின் வேகத்தை நெருங்கும்போது இறக்கையின் மேல் அதிர்வலைகள் உருவாகி விமானத்தைத் தடுக்கும், இறக்கையைப் பின்னோக்கிச் சாய்த்தால் அந்தத் தடை இன்னும் கூடிய வேகம்வரை தள்ளிப்போகும் என்றும் சொன்னேன். 1971இல் சோவியத் ஒன்றியம் இந்த வகை விமானங்களை இலங்கைக்குக் கொடுத்ததைச் சொல்லத் தொடங்கும்போதே எங்களுக்கு ஒதுக்கிய நேரம் முடிந்துவிட்டது. என்னைச் சுற்றி நின்ற சிலருக்குத்தான் இவ்வளவும் கேட்டது. பின்னால் நின்றவர்கள் பார்த்துவிட்டு நகர்ந்துபோனார்கள். வழிகாட்டிய இளைஞர் அன்பானவர், பொறுமையானவர். அவருக்குத் தெரிந்த மொழி சிங்களம் மட்டுமே. அவரிடம் எந்தக் குறையும் இல்லை. தமிழில் ஒரு பலகை இருந்திருந்தால் பின்வரிசைப் பிள்ளையும் தானே நின்று வாசித்திருப்பாள்.

பிரித்தானியாவின் ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பலின் படத்துக்கு முன்னால் என் மனம் இன்னும் கசந்தது. இரண்டாம் உலகப் போரில், 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசி மூழ்கடித்த கப்பல் அது. 307 பேர் மாண்டார்கள். இன்றும் அது மட்டக்களப்புக்கு அப்பால் கடலடியில் கிடக்கிறது. மட்டக்களப்புக் கடலில் கிடக்கும் கப்பலைப் பற்றி மட்டக்களப்பு மக்கள் பேசும் மொழியில் நீங்கள் ஒரு வரியும் எழுதவில்லை. அந்தப் போரின் கதையில் எங்கள் மலைநாட்டுக்கும் இடமுண்டு. 1944இல் நேசநாட்டுப் படைகளின் தளபதி மவுண்ட்பேட்டன் தமது தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தைப் பேராதனைப் பூங்காவுக்குக் கொண்டுவந்தார். எங்கள் பிள்ளைகள் அந்தப் பூங்காவின் மரங்களைப் பார்த்திருக்கிறார்கள். அங்கிருந்து ஒரு போர் நடத்தப்பட்டதை யார் அவர்களுக்குச் சொன்னார்கள்?

தமிழும் அரசகரும மொழி என்று 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் சொல்கிறது. ஆனாலும் மருந்துச் சீட்டு, பொலிஸ் முறைப்பாடு, அலுவலகப் படிவம் என்று எதைக் கையில் எடுத்தாலும் வாசித்துச் சொல்ல இன்னொருவரைத் தேடிப் போவதே எங்கள் மக்களின் வாழ்க்கையாகிவிட்டது. படிக்கப் போன இடத்திலும் பிள்ளைகளுக்கு அதே கதியா? இந்த நாட்டில் போருக்குப் பறந்த விமானங்கள் வேறு பொருட்களைப் போன்றவை அல்ல. ஒரு தமிழ்ப் பிள்ளை அவற்றின் முன்னால் நிற்கும்போது, அவை எப்போது, எதற்காகப் பறந்தன என்பதை அவள் மொழியில் நேர்மையாகச் சொல்லும் கடமை உங்களுக்கு இருக்கிறது.

கோபத்தில் எழுதியதாக நினைக்க வேண்டாம், கோபம் இருப்பது உண்மைதான் என்றாலும். இந்தப் பழைய இயந்திரங்களைத் துருப்பிடிக்க விடாமல் காத்து வைத்திருக்கும் உங்கள் உழைப்பை மதிப்பதால்தான் பிள்ளைகளை அழைத்துவந்தேன். மீண்டும் அழைத்துவருவேன்.

ஆகவே தாழ்மையுடன் கேட்கிறேன்: தமிழ்ப் பலகைகளை வையுங்கள். மொழிபெயர்க்க ஆள் இல்லையென்றால் பலகைகளின் வாசகங்களை அனுப்பிவையுங்கள். இங்குள்ள ஆசிரியர்கள் நாங்கள் கட்டணமின்றி எழுதித் தருகிறோம், உங்கள் பொறியியலாளர்கள் சரிபார்க்கட்டும். எங்கள் அடுத்த கல்விச் சுற்றுலா மூன்றாம் தவணையில். அதற்கு முன் ஒரு பதிலையாவது அனுப்புங்கள்.

இங்ஙனம்,
தோட்டப் பாடசாலை விஞ்ஞான ஆசிரியர்,
ஹட்டன்.