மேல்மலைக் கிராமங்களில் தோட்டத்திலேயே விவசாயப் பாடம் நடத்தக் கேட்கும் மனு

அனுப்புநர்:
பூண்டு, கிழங்கு விவசாயக் குடும்பங்கள்,
பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை,
கொடைக்கானல் வட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
திண்டுக்கல்.

பொருள்: மேல்மலைக் கிராமங்களில் மாதம் ஒரு நாள், தோட்டத்தில் வைத்தே, பெண்களும் பிள்ளைகளும் வரக்கூடிய நேரத்தில் தோட்டக்கலைப் பயிற்சி நடத்த ஏற்பாடு செய்யக் கேட்பது.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

இந்த மனுவில் மானியம் எதுவும் கேட்கவில்லை. மானியம் வேண்டாம் என்று அர்த்தம் இல்லை, அதற்குத் தனியாக வருவோம். இப்போது கேட்பது பாடம். எங்கள் தோட்டத்தில் நின்று, எங்கள் மண்ணைக் கையில் எடுத்து, எங்களுக்குப் பழகிய கணக்கில் சொல்லித்தரும் பாடம்.

மேல்மலையில் ஒரு செடி வாடினால் நாங்கள் முதலில் போவது மருந்துக்கடைக்கு. இலையைப் பறித்துக் காய்கறி ஏற்றிப் போகும் வண்டிக்காரரிடம் கொடுத்துவிட்டால், சாயங்காலம் அதே வண்டியில் இரண்டு பாட்டில் வந்து இறங்கிவிடும். கடைக்காரரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை, விற்பது அவர் தொழில், அறுவடை வரைக்கும் கடன் சொல்ல விடுகிறவரும் அவர்தான். ஆனால் வந்திருப்பது பூஞ்சையா, பூச்சியா, சத்துக் குறைவா என்று பிரித்துச் சொல்ல வேண்டிய பொறுப்பு அவர் தலையில் விழுந்திருப்பது சரியா என்று நீங்களே சொல்லுங்கள். பாட்டிலில் இருக்கும் பொடி எழுத்தை செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கினால்தான் படிக்க முடிகிறது. படித்தாலும் அதில் ஹெக்டேருக்கு இத்தனை மில்லி என்றுதான் இருக்கும். இங்கே ஹெக்டேர் கணக்கில் யாரும் மருந்து கலப்பதில்லை. முதுகில் மாட்டும் டேங்குக்கு எத்தனை மூடி என்பதுதான் கணக்கு, வானம் மூட்டமாக இருந்தால் மனசு கேட்காமல் கூட ஒரு மூடி. அந்த மூடியும் கம்பெனிக்குக் கம்பெனி ஒரு அளவு.

கலக்குவதும், தண்ணீர் சுமப்பதும், அடித்து முடித்த துணியைத் துவைப்பதும் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். மருந்து டப்பாவில் சாய்த்து வைத்த சதுரம் ஒன்று இருக்கும், அதன் கீழ்ப்பாதியில் ஒரு நிறம் இருக்கும். சிவப்பு என்றால் கடும் விஷம், அடுத்தது மஞ்சள், அப்புறம் நீலம், பச்சை இருப்பதிலேயே குறைவு. சட்டப்படி ஒவ்வொரு டப்பாவிலும் இது இருக்கிறது. ஆனால் பச்சை போட்டிருந்தால் செடிக்கு நல்லது என்று எடுத்துக்கொள்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். சொல்லித்தர பத்து நிமிஷம் போதும், அந்தப் பத்து நிமிஷத்துக்கு ஆள் இல்லை. காலி டப்பாவை என்ன செய்வது, அடித்த பிறகு எத்தனை நாள் கழித்துக் காய் பறிப்பது, இதெல்லாம் அந்தப் பெண்களுக்கு நேராகத் தெரிய வேண்டியவை. பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவரை மட்டும் கூட்டத்துக்கு அழைத்துக் கையெழுத்து வாங்கினால் விஷயம் அவரோடு நின்றுவிடுகிறது. பட்டா தாத்தா பெயரில் இருக்கும், களை எடுப்பது மருமகள்.

இன்னொன்று கிழங்கு. உருளைக்கிழங்கு வேரைத் தாக்கும் தங்க நூற்புழு நம் நாட்டில் முதலில் நீலகிரியில் 1961-ல் கண்டுபிடிக்கப்பட்டது, பிறகு நம் கொடைக்கானல் மலையிலும் இருப்பது தெரிந்தது. செடி வெளிறி, குட்டையாக நிற்கும், நாங்கள் உரம் போதவில்லை என்று இன்னும் ஒரு கை அள்ளிப் போடுவோம். அந்தச் செடியைப் பிடுங்கி, மண்ணை மெதுவாக உதறி, வெயிலில் பிடித்து வேரைப் பார்த்தால் ஊசித்தலை அளவில் வெள்ளையும் மஞ்சளுமாக மணிகள் ஒட்டியிருக்கும். ஒவ்வொரு மணிக்குள்ளும் நூற்றுக்கணக்கில் முட்டை, கிழங்கே போடாவிட்டாலும் மண்ணுக்குள் பல வருஷம் உயிரோடு கிடக்கும். மண்வெட்டியில் ஒட்டிய மண், செருப்பு மண், பழைய சாக்கு, விதைக்கிழங்கு எல்லாவற்றோடும் அடுத்த தோட்டத்துக்குப் போகும். அதே பாத்தியில் திரும்பத் திரும்பக் கிழங்கு போடாமல் பூண்டு, பீன்ஸ், கேரட், கோஸ் என்று மாற்றுவது, குஃப்ரி ஸ்வர்ணா மாதிரி எதிர்த்து நிற்கும் ரகங்களைப் போடுவது என்று வழியும் இருக்கிறது. ஆனால் இதைத் தாளில் படித்து மனசில் ஏற்ற முடியாது. ஒரு செடியைப் பிடுங்கி அந்த மணியைக் கண்ணால் காட்டிவிட்டால், அடுத்த தோட்டத்துக்காரர் இரவல் மண்வெட்டியைக் கழுவாமல் வாங்கமாட்டார்.

மண் பரிசோதனையும் இப்படித்தான். 2015-ல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் எங்களில் பலருக்கு அட்டை வந்தது, ரேஷன் கார்டு உறைக்குள் பத்திரமாகவும் இருக்கிறது. அதில் 12 வகைக் கணக்கு இருக்கிறது. முதல் வரியில் இருக்கும் கார அமில நிலைதான் மலைக்காரனுக்கு முக்கியம் என்று யாராவது விரல் வைத்துக் காட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மழை அதிகம் பெய்யும் மலையில் சுண்ணாம்புச் சத்து கரைந்து ஓடிவிடுகிறது, மண் புளித்துப்போகிறது, போடும் மணிச்சத்து (பாஸ்பரஸ்) மண்ணிலேயே பூட்டிக்கொள்கிறது. மூட்டை மூட்டையாக உரம் வாங்குவதற்கு முன்னால் சுண்ணாம்போ டோலமைட்டோ எவ்வளவு போட வேண்டும் என்று அந்த அட்டையை வைத்துக்கொண்டே சொல்லிவிடலாம்.

ஆள் இல்லாத மாவட்டம் இல்லை இது. கொடைக்கானலிலும் தடியன்குடிசையிலும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கின்றன. காந்திகிராமத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. என்ன, கிளாவரையிலிருந்து காந்திகிராமம் 100 கிலோமீட்டருக்கு மேல், மலை இறங்கி ஏற ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் போய்விடும். விவசாயிகளுக்கென்று அரசு விட்டிருக்கும் உழவன் செல்போன் செயலி நல்லதுதான், சிக்னல் கிடைக்கும் மேட்டில் நின்றால். 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டர் எண்ணில் தமிழிலேயே பேசலாம் என்பது எங்கள் பெண்களில் பலருக்குத் தெரியாது, தெரிந்தாலும் வேரை போனில் காட்ட முடியாது.

அதனால் நாங்கள் கேட்பது இதுதான். விவசாயிகளுக்குப் பயிற்சி தரும் அட்மா (வேளாண் தொழில்நுட்ப மேலாண்மை முகமை) திட்டத்தில் பண்ணைப் பள்ளி என்று ஒன்று இருக்கிறது. ஒரு விவசாயியின் நிலத்தையே வகுப்பாக வைத்து, விதைப்பிலிருந்து அறுவடை வரை ஒரே பயிரைக் கூடவே இருந்து கற்றுக்கொள்வது. 1989-ல் இந்தோனேசியாவில் நெல் வயலில் தொடங்கிய உழவர் வயல்வெளிப் பள்ளி முறையும் இதே யோசனைதான். அதை மேல்மலையில் பூண்டுக்கும் கிழங்குக்கும் நடத்துங்கள். காலை பதினொரு மணிக்கு வேண்டாம், அது களை எடுக்கிற நேரம். மூன்று மணிக்கு மேல் வையுங்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வந்துவிடுவார்கள். மண்டபம், பேனர், சால்வை எதுவும் வேண்டாம். நிலம் நாங்கள் தருகிறோம், டீ எங்கள் மகளிர் குழு போட்டுத் தரும்.

பிள்ளைகள் விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். பள்ளி முடித்த பையன்கள் சீசனுக்கு ஜீப் ஓட்டுகிறார்கள், மற்ற நாளில் திருப்பூர் பக்கம் போய்விடுகிறார்கள். மன்னவனூரிலேயே மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது, ஆடும் முயலும் வளர்க்கிறார்கள். மேல்மலை இளைஞர்களுக்கென்று அங்கே ஒரு பயிற்சி அணியை மாவட்ட நிர்வாகம் பேசி ஏற்பாடு செய்தால், இரண்டு பேராவது ஊரில் தங்குவார்கள். மருந்தடிக்கும் டேங்கை ரிப்பேர் பார்ப்பது, மண் மாதிரி முறையாக எடுப்பது, இவையும் சொல்லித்தரலாம். ஊருக்கு ஒரு பையனோ பெண்ணோ இதைத் தெரிந்து வைத்திருந்தால் அலுவலர் வராத நாளிலும் வேலை நடக்கும்.

கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கேட்க பெருமையாக இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரைப் போட்டு விற்க, சென்னையில் உள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் ஒவ்வொருவரும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிய வேண்டும். படிவத்தைப் பார்த்தவர்கள் இங்கே எத்தனை பேர் இருப்பார்கள் என்பது சந்தேகம். எங்கள் பூண்டு வழக்கம்போல மூட்டையாக வடுகபட்டிச் சந்தைக்குத்தான் போகிறது. பூம்பாறையில் ஒரே ஒரு நாள் முகாம் போட்டுப் படிவத்தை நிரப்பித் தர ஆள் அனுப்புங்கள்.

அப்புறம் வானொலி. கோடைப் பண்பலை 100.5 இந்த மலையிலிருந்துதான் ஒலிக்கிறது, களை எடுக்கும்போது வரப்பில் ஓடிக்கொண்டே இருக்கும். வாரம் கால் மணி நேரம் மேல்மலைப் பயிருக்கென்று, அந்த வாரம் என்ன நோய் வருகிறது, உறைபனிக்கு என்ன செய்வது என்று நம் அலுவலர்கள் பேச, நீங்கள் நிலையத்தாரிடம் ஒரு வார்த்தை கேட்டால் நடக்கும் என்று நினைக்கிறோம்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது என்பது எங்களுக்கும் தெரியும். முதலில் தோட்டத்துப் பாடம், அதுவும் அடுத்த கிழங்கு நடவுக்கு முன்பு. இந்த மனுவை உரிய துறைக்கு அனுப்பப்பட்டது என்று ஒரு வரியில் முடித்துவிடாமல், எந்த ஊரில், எந்தத் தேதியில், யார் வருகிறார்கள் என்று பதில் தரும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மேல்மலை விவசாயக் குடும்பங்கள்
(கையெழுத்துகளும் கைநாட்டுகளும் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)